தொழுவத்துப் பச்சை

உப்புத்தாளால் தேய்த்த வேப்பமரத்தில் முதல் கை வார்னிஷ் பட்டதும் எழுகிற வாசனை மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, நாக்கின் அடியில் லேசான கசப்பாகத் தங்கிவிடும். சென்ற ஆண்டு அருப்புக்கோட்டையில் நான் கட்டிய வீட்டுக்கு நிலைகளையும் சன்னல் சட்டங்களையும் செய்து சுவரோரம் சாய்த்து வைத்த ஆசாரி, "டீச்சர், பெயிண்டா வார்னிஷா? பெயிண்டுன்னா மரத்துல உள்ள ஓட்ட ஒடசலெல்லாம் மறஞ்சிரும், பாக்கவும் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். குளியலறைச் சன்னல் வரைக்கும் வார்னிஷ்தான் என்று சொன்னேன். என் குரல் ஏன் அத்தனை கடுமையாக வந்தது என்று அவருக்குப் புரிந்திருக்காது.

நான் நான்காவது படித்த வருடம். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின் காட்டில் கூலி வேலை. அந்த வருடம்தான் எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தில் "காலனி வீடு" கட்டிக் கொடுத்தார்கள். கதவு தகரத்தில் வந்தது. "தகரத்த தொறந்துக்கிட்டு உள்ள போனா கோழிக்கூண்டுக்குள்ள போன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா, அத்தை வயலில் காற்றுக்குச் சாய்ந்து கிடந்த வேப்பமரத்தைக் கேட்டு வாங்கி, திருச்சுழிக்கு வண்டியில் கொண்டுபோய் அறுத்து, நிலையும் கதவுமாகச் செய்து கொண்டுவந்து நிறுத்தினார். காட்டு வேலை முடிந்து வந்த எட்டு நாள் சாயங்காலமும் அவரே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மரத்தூள் மீசையில் படிந்திருக்க, என்னைக் கூப்பிட்டு, "இங்க பாரு, மரத்துக்குள்ள தண்ணி ஓடுன தடம் மாதிரி ரேகை ஓடுது. இதப் போயி பெயிண்ட வச்சு அப்புவானா ஒருத்தன்?" என்று காட்டினார். வார்னிஷ் அடித்த அன்று தெருவே வந்து பார்த்தது.

மூன்றாம் நாள் காலையில் பெரிய வீட்டுக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் பேசினார்.

"ஏலே காத்தமுத்து, எங்க வீட்டுக் கதவும் உங்க வீட்டுக் கதவும் ஒண்ணு போல இருந்தா, ஊருக்குப் புதுசா வாரவன் எந்த வாசல்ல வந்துலே கும்புடு போடுவான்?"

அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேப்ப மரந்தான் ஐயா" என்றார்.

"மரம் எதுவா வேணா இருக்கட்டும். மினுக்காம இருக்கணும்."

மத்தியானம் அவர் வீட்டு ஆள் ஒருவர் பாதி டின் பச்சை எனாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மாட்டுத் தொழுவத்துக் கேட்டுக்கு அடித்து மிஞ்சியது. மழை பொய்த்த வருடம் அது; எங்கள் தெரு குடித்தது அவர் கிணற்றுத் தண்ணீர், உழைத்தது அவர் காட்டில். அம்மா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா மேலிருந்து கீழாகப் பிரஷை இழுக்க இழுக்க, எட்டு நாள் தேய்த்துக் கண்டெடுத்த ரேகை ஒவ்வொன்றாக மூழ்கியது. ஓர் இடத்தில்கூடப் பிரஷ் பிசகவில்லை. பிசகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பெரிய வீட்டுக்காரரின் மகள் வசந்தா என் வகுப்புதான். மறுநாள் பள்ளிக்கூடத்தில், "எங்க மாட்டு கேட்டும் காத்தமுத்து வீட்டுக் கதவும் ஒரே கலரு" என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அந்த வீட்டில் பேசப் பழகிய பிள்ளை எல்லாம் அப்படித்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குத் "தொழுவத்துப் பச்சை" என்று பட்டப்பெயர் ஆயிற்று. நான் அழவில்லை. ஒரு ஆணியைத் தேடி எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்கட்டில் போட்டுவைத்தேன்.

பங்குனிப் பொங்கலன்று ஊர் முழுக்கக் கோயிலடியில் நின்றது. கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த பட்டப்பகலில் பெரிய வீட்டு முன்வாசலுக்கு நடந்து போனேன். அந்த வாசலில் அதற்கு முன் நான் கால் வைத்ததில்லை. தேக்குக் கதவு, அதில் என் முகம் தெரிந்தது. ஆணியை அழுத்திப் பிடித்து, கை எட்டிய உயரத்திலிருந்து கீழ்வரைக்கும் ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு. மரம் வெள்ளையாகப் பிளந்தது. கீறி முடித்து, ஓடாமல், நடந்தே கோயிலுக்குத் திரும்பினேன்.

பழி வசந்தாவின் மேல் விழுந்தது. காலில் செருப்புக் கடித்தது என்று அவள் பாதிப் பொங்கலில் வீட்டுக்குப் போயிருந்தாளாம். புளியம் விளாறால் அவள் அப்பா அடித்த அடியும், "நான் இல்லப்பா, நான் இல்லப்பா" என்று அவள் கத்தியதும் எங்கள் தெரு வரைக்கும் கேட்டன. மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சோறு ருசித்தது.

வார்னிஷ் எதையும் மறைக்காது. எத்தனை தேய்த்தும் அந்தக் கீறல் போகவில்லை. கடைசியில் பட்டி வைத்து அடைத்து, பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை என்று ஆகிவிட்டது. அதற்குக் கூப்பிட்டு அனுப்பியது அப்பாவைத்தான். வேலை முடித்து வந்து, கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"கோடு ஆரம்பிச்ச ஒசரத்த அளந்து பாத்தேன். ஒன் கை எட்டுற ஒசரம் எனக்குத் தெரியாதா?"

அடி விழும் என்று குனிந்துகொண்டேன். விழவில்லை.

"ரெண்டு கை பெயிண்டு போதும்னு சொன்னாக. நான் நாலு கை அடிச்சிட்டு வாரேன். இனி அந்தத் தேக்க அவுகளே தேடுனாலும் கெடைக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளிய மூச்சு விட்றாத" என்றார். விடவில்லை.

புதுமனை புகுவிழாவுக்கு வசந்தாவைத் தேடிப்பிடித்து அழைத்தேன். பார்க்கட்டும் என்றுதான் அழைத்தேன். அவளும் அருப்புக்கோட்டையில்தான் இருக்கிறாள், தறி வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "நல்லா இருக்கீகளா?" என்று குனிந்து கேட்டாள். பிறகு வாசல் நிலையைத் தடவியபடி, "எங்க வீட்டுக் கதவும் இப்பிடித்தான் இருந்துச்சு. செய்யாத தப்புக்கு எங்கப்பா என்னப் போட்டு அடிச்சாரு பாரு, அதுக்கப்புறம் அவரு சாகுற வரைக்கும் அவர்ட்ட நான் மனசு விட்டுப் பேசல" என்றாள்.

"நான்தான் கீறுனேன்" என்றேன்.

நிலையிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கு அப்பவே தெரியும்னுதான் நெனைக்கிறேன்" என்றாள். "ஆனா யாருகிட்டச் சொல்ல? நான் சொல்லியிருந்தா ஒங்க தெருவயே கொளுத்தியிருப்பாரு."

பத்து வயதுகூட நிறையாத ஒருத்தி அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு எங்களைக் காப்பாற்றியிருக்கிறாளா, இல்லை இப்போது அப்படி எண்ணிக்கொள்கிறாளா, தெரியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

இப்போது அந்தப் பெரிய வீடு இல்லை. பாகம் பிரிக்க முடியாமல் விற்று, வாங்கியவர்கள் இடித்து, அந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிணறு தூர்ந்துவிட்டது. எங்கள் காலனி வீடுகளில் பாதி ஒழுகி இடிந்துபோய், மீதியில் இரும்புக் கதவுகள். என் வன்மம் தீர்ந்ததா என்று கேட்டால், வசந்தாவைப் பொறுத்தவரை தீர்ந்தது. அவள் அப்பாவைப் பொறுத்தவரை இல்லை. அவர் செத்துப்போனதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்: தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு வைத்து, அதன்மேல் புதுமனை புகுவிழாப் பத்திரிகையை வைத்து, "அவசியம் வரணும்" என்று அவர் கையில் நேராகக் கொடுக்க முடியாமல் போய்விட்டது.