பத்து ஐம்பதுக்கு நான் அனுப்பாத கடிதம்

நான் வேலையை விடவில்லை. விட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யை நம்பி ஒருவன் தன் வேலையை விட்டான். பிறகு, தேடி வந்த இன்னொரு வேலையையும் அதே பொய்யை நம்பி மறுத்தான். அவன் பெயர் முத்துவேல். இன்றும் என் தொழில் கூட்டாளி. இன்றும் அவனுக்குத் தெரியாது.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எழுந்த நேரம், பேருந்து வந்த நேரம், வைகையில் அன்று தண்ணீர் ஓடியதா இல்லையா என்பது வரை எழுதுவேன். அத்தனை நோட்டுகளிலும் ஒரே ஒரு வரிதான் பொய். ஒரு புதன்கிழமையின் பக்கத்தில் இருக்கிறது. "காலை 10.50. இருவரும் ராஜினாமா அனுப்பினோம்."

யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய்? யாரை ஏமாற்ற?

நாங்கள் இருவரும் மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தோம். எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு முப்பத்திரண்டு. யோசனை என்னுடையது. அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் மிஷினுக்காக விவசாயிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். எந்த ஊருக்கு எந்த மிஷின் எப்போது வரும் என்பதை வரிசைப்படுத்தி, போனிலேயே பதிவு செய்ய ஓர் ஏற்பாடு வேண்டும். வரிசைப்படுத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எந்த விவசாயி என்னை நம்புவார்? முத்துவேல் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவன் போய் நின்றால் பேச்சு நடக்கும். அவன் இல்லாமல் தொழில் இல்லை.

அவன் தயங்கினான். கைக்குழந்தை வேறு. "நீங்க விடுறீங்களாண்ணே? நீங்க விட்டா நானும் விடுறேன்" என்றான்.

நாட்காட்டியில் நல்ல நேரம் பார்த்தோம். புதன்கிழமை பத்து ஐம்பதுக்கு இருவரும் ஒன்றாக அனுப்புவது என்று முடிவு. எங்கள் மேசைகளுக்கு நடுவே ஒரு தடுப்பு. பத்து ஐம்பதுக்கு அவன் எழுந்து, தடுப்புக்கு மேலே கட்டைவிரலை உயர்த்தினான். முகமெல்லாம் சிரிப்பு. நானும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

என் கடிதம் திரையில் அப்படியே இருந்தது!

அதற்கு முந்தைய நாளே நான் மனிதவளப் பிரிவு மேலாளரைத் தனியாகப் பார்த்திருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சம்பளமில்லாமல் ஓராண்டு விடுப்பு வேண்டும், குடும்ப விஷயம், வெளியே தெரிய வேண்டாம் என்றேன். "அம்மாவ நல்லா பாத்துக்கங்க சார்" என்றார் அந்தப் பெண். அம்மா அன்று காலையில்தான் பழங்காநத்தத்துக்கு நடந்தே போய் கீரை வாங்கி வந்திருந்தாள்.

அந்த வாரமே நான் வெளியேறினேன். சேர்த்து வைத்த விடுப்பைக் கழித்துச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று முத்துவேலிடம் சொன்னேன். அவனுக்கு ஒரு மாத நோட்டீஸ். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். நானும் போயிருந்தேன். "ஒங்க பார்ட்டி எப்ப சார்? கேக்கு காசு மிச்சம்னு ஓடிட்டீங்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்...

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரே அறை. முதல் அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. மிஷின்கள் சேற்றில் நின்றன. நான் போட்ட வரிசையெல்லாம் பாழ். "ஏப்பா கம்ப்யூட்டரு, மிஷினு எப்பப்பா வரும்? நெல்லு வயல்லயே மொளச்ச பெறகா?" என்று ஒரு பெரியவர் போனில் கேட்டார். அதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் முத்துவேல். நான் உள்ளே உட்கார்ந்து அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கோச்சடையில் இருந்த வாடகை வீட்டை அவன் காலி செய்தான். மனைவி கவிதாவும் மகள் தர்ஷினியும் உசிலம்பட்டியில் கவிதாவின் அம்மா வீட்டுக்குப் போனார்கள். அவன் அலுவலக அறையிலேயே பாய் விரித்துப் படுத்தான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். எட்டாவது மாதம். மதியம் மூன்றரை மணி. லாட்ஜுக்குக் கீழே டீக்கடை. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் அவனை அழைத்திருந்தது. பழைய வேலையைவிட நல்ல வேலை. குடும்பத்தோடு இருக்கலாம். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கவிதா போகச் சொல்றாண்ணே. பிள்ள அவங்க தாத்தாவ அப்பாங்குதாம்" என்றான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நீங்க என்ன செய்வீங்க? அங்க திரும்பச் சேத்துக்குவாங்களா?"

என் தோள்பையில், நாட்குறிப்புக்குள், விடுப்பை உறுதி செய்த கடிதம் மடித்து இருந்தது. நான் எதையும் தொலைப்பதில்லை. கையை விட்டு எடுத்து நீட்டியிருக்கலாம். 'எனக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது தம்பி, நீ போ' என்று ஒரே ஒரு வாக்கியம்...

"விட்டது விட்டதுதான்" என்றேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். "அம்புட்டு வருச வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. ஒங்கள நடுத்தெருவுல நிப்பாட்டிட்டு நான் மட்டும் எப்படிண்ணே போறது?" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே போனை எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம் இல்லை. நிம்மதி! அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த அறுவடை கைகொடுத்தது. நாற்பது ஊர்களில் எங்கள் வரிசைப்படியே மிஷின்கள் போயின. பதினோராம் மாதம், விடுப்பு முடியும் தறுவாயில், நான் தனியாகப் பழைய அலுவலகத்துக்குப் போய் உண்மையான ராஜினாமாவைக் கொடுத்தேன். "அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்று அந்த மேலாளர் கேட்டார். அன்றைய பக்கத்தில் "வெளியே போய் வந்தேன்" என்று மட்டும் இருக்கிறது.

கவிதாவும் தர்ஷினியும் திரும்பி வர மேலும் ஓராண்டு ஆயிற்று. தர்ஷினி நடக்கக் கற்றது உசிலம்பட்டியில். முதல் பல் முளைத்தது அங்கே. முதல் நாள் பால்வாடிக்குப் போனது அங்கே. அவற்றில் எதையும் முத்துவேல் பார்க்கவில்லை.

தொழில் பிழைத்துக்கொண்டதே, அவன் இன்று நன்றாகத்தானே இருக்கிறான் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் மழை தொடர்ந்திருந்தால்? நான் என் நாற்காலிக்குத் திரும்பியிருப்பேன். அவன் எங்கே போயிருப்பான்?

சென்ற மாதம் கோச்சடையில் புது அலுவலகம் திறந்தோம். வரவேற்பறைச் சுவரில் எங்கள் இரண்டு ராஜினாமா கடிதங்களையும் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று முத்துவேலுக்கு ஆசை. "ஒங்க லெட்டர் பிரிண்ட் இருக்குல்லண்ணே? நீங்களாவது தொலைக்கிறதாவது" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாமே! வீட்டில் உட்கார்ந்து, பழைய தேதியிட்டு ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தேன். எழுத்துரு கூட அவனுடையதோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்தேன்.

திறப்பு விழாவன்று, இப்போது பள்ளியில் படிக்கும் தர்ஷினி இரண்டு கடிதங்களையும் நின்று படித்தாள். அவளுக்கும் என்னைப் போல எதையும் உற்றுப் பார்க்கும் கண்.

"பெரியப்பா, அப்பாவோடதுல மெயில் போன டைம் இருக்கு. ஒங்களோடதுல இல்லையே?"

பின்னால் நின்ற முத்துவேல்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அதே டைம்தான்டா. நான் பாத்தேன்ல."

உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. நீங்கள் எனக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அலுவலகத்துக்கு முதலில் வருபவன் நான்தான். காலை எட்டே முக்கால். என் சட்டம் மட்டும் ஆணியில் சற்றே சாய்ந்திருக்கிறது. கோணலாக எதுவும் இருந்தால் எனக்குப் பொறுக்காது. தினமும் நேராக்கிவிட்டுத்தான் உட்காருகிறேன்.