கேடயத்துக்குள் ஒரு நாற்று

பூந்தமல்லி சாலையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் நுழைவு வளைவிலிருந்து பழைய சின்னத்தை இறக்கிய பிற்பகலில், நான் பதிவாளர் அம்மாவின் அறையில் இருந்தேன். கேடய வடிவம், மேலே விளக்கு, நடுவே திறந்த புத்தகம், அடியில் ஒரு கை பிடித்திருக்கும் நெல் நாற்று. சன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. அவர் பார்க்கவில்லை.

அந்த நாற்று சுலபமாக வந்ததல்ல. கல்லூரி பல்கலைக்கழகமானபோது தாளாளர் சின்னத்தில் சிங்கமும் கிரீடமும்தான் கேட்டார். பதிவாளர் அம்மா மேனாம்பேட்டுக்காரர். அவருடைய தாய் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். கூட்டத்தில் அதை மறைக்காமல் சொன்னார். இந்தக் கட்டடங்கள் நிற்பதே வயலில்தான், இங்கே படிக்க வரும் பிள்ளைகளின் வீடுகளில் யாராவது ஒருவர் குனிந்து நட்டிருப்பார், அவர்களுக்குச் சிங்கம் என்ன உறவு என்று கேட்டார். இன்ஜினியரிங்குக்கும் சேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ சிரித்தார்கள். அடுத்தடுத்த கூட்டங்களிலும் அவர் விடவில்லை. கடைசியில் தாளாளர் அலுத்துப்போய்ச் சம்மதித்தார்.

முதல் பட்டமளிப்பு விழாவில், பாடியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் மகளின் பட்டச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதிலிருந்த ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது. சின்னத்தின் மேல் விரலை வைத்து, "இன்னாம்மா இது, நாத்தா?" என்று பதிவாளர் அம்மாவைக் கேட்டார். ஆமாம் என்றதும், "அப்ப நம்பளுதும் கீது இதுல" என்றார். பதிவாளர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தாளாளரின் மகன் பொறுப்புக்கு வந்தார். கேடயம் பழசாம்; செல்போன் திரையில் நாற்று புல்லைப்போலத் தெரிகிறதாம். புதுச் சின்னம் சாய்ந்த மூன்று கோடுகள். சின்னத்தை மாற்றும் ஆணையில் பதிவாளர் அம்மா கையெழுத்துப் போட மாட்டார் என்றே அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தோம். மறு பேச்சில்லாமல் போட்டார்.

ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அந்தப் பிற்பகலில்தான் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு தடவ போராடி வாங்கினேன். அத வச்சிக்கவும் திரும்பத் திரும்பப் போராடணும்னா, எனக்குத் தெம்பு இல்லம்மா."

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன பட்டமளிப்பு விழாவில் ஒரு தகப்பனார் மகனின் சான்றிதழில் இருந்த அந்தக் கோடுகளைக் காட்டி என்னவென்று கேட்டார். வேகம், வளர்ச்சி, புதுமை என்று எங்களுக்குக் கொடுத்திருந்த விளக்கத்தை ஒப்பித்தேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, மகன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.