கறுப்புத் தூளுக்கு நான் பேசிய கல்யாணம்

யுத்தம் நடந்த காலம். மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு பயிர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகள் கழுவுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாராவது முகம் பார்த்துப் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அங்கே ஒரு மிஸ், கரும்பின் குருத்தைக் கறுப்புச் சாட்டையாக மாற்றும் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் இரண்டு வகை உண்டு. கரண்ட் போய் ஐஸ்பெட்டி சூடாகி, ஒரு வகை செத்துவிட்டது. மாத முடிவுக்குள் இரண்டையும் சேர்த்துக் காட்டாவிட்டால் ஆய்வு மூடப்படும். நாவுலப் பக்கம் ஒரு தோட்டத்தில் மட்டும் நோய் மிஞ்சியிருந்தது. மிஸ் அனுப்பிப் போய், சாட்டையில் விதை போல அப்பியிருந்த பூஞ்சைத் தூளைத் தட்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். மீதிக் கரும்பைத் தோட்டக்காரர் என் கண் முன்னாலேயே எரித்தார்.

திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். சட்டைப் பையில் கறுப்புத் தூள்.

"வெடிமருந்தா?" சிங்களத்தில் கேட்டார் சார்ஜன்.

"கரும்பு நோய் சார்."

"வாளித் தண்ணியில கொட்டு."

நனைந்தால் எல்லாம் போயிற்று. "கொட்டாதீங்க சார்!" என்று கத்திவிட்டேன். துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. பிறகு நிறுத்த முடியவில்லை. மிஸ் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொட்டினேன்.

"இதுல ரெண்டு வகை இருக்கு சார். தனியா இருந்தா கரும்ப ஒண்ணும் செய்யாது. ஒண்ணு சின்னதா ஒரு புரதத்த வெளியில விடும். மத்தது அதப் பிடிக்க மேல்தோல்ல வேறொரு புரதம் வச்சிருக்கும். பிடிச்ச உடனே நூல் மாதிரி நீண்டு தேடிப் போகும். ரெண்டும் சேர்ந்தாத்தான் கரும்புக்குள்ள நுழையும்."

"ரெண்டும் ஒரே வகையா இருந்தா?"

"திரும்பியும் பார்க்காது சார்."

"அப்ப நீ கல்யாணத் தரகனா?" என்றார் சார்ஜன். பஸ்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒரு சிட்டிகையைக் கல்லில் வைத்து நெருப்புக் குச்சி காட்டினார். சீறவில்லை, புகைந்தது. மடிப்பை என் பையில் அவரே வைத்தார்.

"போ, பொண்ணு மாப்பிள்ள காத்திருக்கும்."

அந்தத் தூளை முளைக்க வைத்து, மிஸ் இரண்டு வகையையும் பிரித்தெடுத்தார். தட்டில் ஒன்றைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் கோடு இழுத்தார். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஒரு காலை நான்தான் முதலில் பார்த்தேன். கோடுகள் வழவழவென்று அப்படியே கிடந்தன. வெட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் வெள்ளைவெளேரென்று, பஞ்சு போல, நூல்கள் எழுந்து நின்றன.

"மிஸ்! சேர்ந்திருச்சு மிஸ்!"

ஆபீஸ் கிளார்க் வரை ஓடிவந்தார்கள்.