அருவிக்குள் பாடிய தாலாட்டு

1957, மார்கழிக் கடைசி. பொங்கலுக்கு முந்தின வாரம் என் மகள் வள்ளிக்குக் காய்ச்சல் வந்தது. பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை ஏறவில்லை. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

தென்காசியில் கோவிலுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. வள்ளி போன துக்கம் விசாரிக்க, கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, உத்திரத்தில் கட்டியிருந்த சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடினேன். என் மாமியார் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

"வெறுந்தொட்டில ஆட்டப்படாதுட்டி. தாலாட்டும் படிக்கப்படாது. அடுத்த பிள்ளைக்கு ஆகாது."

அடுத்த பிள்ளையை யார் கேட்டார்கள்? எனக்கு வேண்டியது வள்ளி. அன்றே தொட்டிலை அவிழ்த்து, சேலையை வெளுக்கப் போட்டுவிட்டார்கள். பாதியில் நின்ற பாட்டு என் தொண்டையில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டி வேறு ஒரு சொல்லும் வெளியே வர மாட்டேன் என்றது. சோறு இறங்கவில்லை. தலை வார விடவில்லை. சித்தம் கலங்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். என் காதுபடத்தான் பேசினார்கள். வாய் போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று நினைப்பு!

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தந்த மருந்தில் தூக்கம் வந்தது. பேச்சு வரவில்லை.

குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மன் எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி. மனசுக்குள்ளேயே அவளிடம் அழுதேன். முதலில், "என் பிள்ளையைத் திருப்பிக் கொடு" என்றேன். அது நடக்காது என்று எனக்கே தெரிந்த பிறகு, "தாயே, அவளுக்கு ஒரே ஒரு தரம் முழுசாகத் தாலாட்டுப் பாட எனக்கு ஓர் இடம் காட்டு" என்றேன். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கியது. மனம் கலங்கியவர்களின் தலையில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். தலைச்சூடு இறங்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் ஓர் அறை பிடித்தார். மாமியார் என் உச்சியில் எண்ணெயைத் தட்டித் தட்டித் தேய்த்து, மணிக்கட்டை இறுகப் பிடித்துப் பேரருவிக்குள் இழுத்துப் போனார்.

கல்லை அள்ளிக் கொட்டுவதுபோல் விழுந்தது தண்ணீர். மூச்சு முட்டி வாயைத் திறந்தேன். ஏதோ கத்தினேன் போலிருக்கிறது. எனக்கே அது கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. இங்கே நான் என்ன பாடினாலும் யாருக்கும் கேட்காது! இதுதான் தாயே நீ காட்டிய இடமா?

நான் ராகம் தெரிந்து பாடுகிறவள் இல்லை. ஆராரோ என்றேன். வள்ளி என்றேன். அவள் கன்னத்தை, பால்மணத்தை, இன்னும் முளைக்காத பல்லை, வாயில் வந்தபடி கட்டிப் பாடினேன். கண்ணீர் எது தண்ணீர் எது என்று யார் பார்த்தார்கள்?

வெளியே வந்ததும் மாமியார், "வாய் அசைஞ்சுதே, பித்தம் எறங்குது பாரு" என்று என் வீட்டுக்காரரிடம் பூரித்துப் போனார். தினமும் காலையில் அருவிக்கு நானே முந்திக்கொண்டு கிளம்பினேன். தினமும் பாட்டில் ஒரு வரி கூடியது. ஒருநாள் குளித்துவிட்டு வரும் வழியில், "பசிக்கி அத்தே" என்றேன். அந்த அம்மாள் ஈரச் சேலையோடு நடுத்தெருவில் நின்று அழுதார்.

ஆவணியில் சாரல் ஓய்ந்தது. தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. ஊருக்குக் கிளம்புகிற அன்று கடைசியாக ஒரு தரம் அருவியில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, பழக்கத்தில் பாடிவிட்டேன். என் குரல் என் காதிலேயே விழுந்தது. பதறி நிறுத்தினேன். பக்கத்தில் மாமியார். மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை எடுத்தார். வாயைப் பொத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"நிறுத்தாதட்டி" என்றார். "அவ தூங்கட்டும்."

பிறகு, "எனக்கும் ஒண்ணு போச்சு, ஒம் புருஷனுக்கு முந்தி. நான் படிக்கல. படிக்க விடல" என்றார். மீதிப் பாட்டை அவர் கையைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். முழுசாக.

அதன்பிறகு எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த ஏக்கம் போய்விட்டது என்று சொன்னால் அம்மன் சந்நிதியில் பொய் சொன்னவள் ஆவேன். ஆனால் தெருவில் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும், "எம் மருமவ படிப்பா, தள்ளிக்கோங்க" என்று மாமியாரே என்னை முன்னால் தள்ளிவிட்டார். ஒதுக்க நினைத்தவர்களும் அவர் வாய்க்குப் பயந்து வழி விட்டார்கள். இன்றுவரை பாடுகிறேன்.

இதைப் படிக்கிற அம்மாமார்களே, உங்கள் வீட்டிலும் வாயடைத்துப்போன ஒருத்தி இருக்கலாம். வைத்தியம் பாருங்கள், அம்மனையும் நம்பிக் கேளுங்கள். அவள் பாட வந்தால், அழ வந்தால், பொத்தாதீர்கள். எனக்கு இடம் காட்டியவள் அவளுக்கும் காட்டுவாள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடி முடித்த பிறகு, கடைசி வரியில் வள்ளி பேரைச் சேர்த்துப் பாடுகிறேன். சத்தமாகத்தான் பாடுகிறேன்.