இடது கையில் ஊசி வேண்டாம்

வைகாசித் திருவிழாவுக்குக் கூட்டம் சேரும் நாட்களில், காஞ்சிபுரத்துக்கு வரும் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் இறங்கிக் காலரா ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் வண்டி நகரும். அன்று நானும் அக்காவும் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம்.

முந்தைய வருடம் அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், பிறகு கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். நோய் அடங்கியது. கை அடங்கவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள், தறியில் அறுந்த ஜரிகையை முடிச்சுப் போடும்போது இடது விரலில் ஒரு கீறல். மறுநாள் முழங்கை வரை சிவந்து குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வீக்கம் தங்கிவிட்டது. வளையல்களைக் கழற்ற முடியாமல் ஒவ்வொன்றாக உடைத்தோம். கட்டிய புருஷன் எதிரில் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அழுதாள்.

அதன்பின் அந்தக் கைக்குக் குடம் கிடையாது, இறுக்கம் கிடையாது, ஊசி கிடையாது. படுக்கும்போது தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொள்வாள். மாமா தறியிலிருந்து இறங்கியதும் விரலிலிருந்து தோள்வரை மெல்ல நீவிவிடுவார். அவர் நெய்யும் சேலைக்குக் கரை போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். கல்யாணமான நாள் முதல் அது அக்காவின் இடம். இப்போது கூலிக்கு ஒரு பெண் உட்காருகிறாள். அன்று காலை டாக்டர் நாடா வைத்து அளந்து, சுற்றளவு குறைந்திருக்கிறது, இப்படியே போனால் ஆடியில் கொஞ்ச நேரம் தறியில் உட்காரலாம் என்றிருந்தார். பஸ்ஸில் அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கொட்டகையில் ஸ்டவ்மேல் ஊசிகள் கொதித்தன. ஆனால் ஊசி போடுகிறவர் அவசரத்தில் ஒரே ஊசியால் மூன்று நான்கு பேருக்குக் குத்துவதைப் பார்த்தேன். ஆண்கள் வரிசையில் நின்ற எனக்குக் கால் தரிக்கவில்லை. அக்காவுக்கு முன்னால் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. தெருவுக்கு நாங்கள் சொல்லியிருந்தது வயிற்று ஆபரேஷன்.

"கைய ஏத்தி வுடுமா. இடது கை" என்றார் ஊசி போடுகிறவர் அக்காவிடம்.

அக்கா வலது கையை நீட்டினாள்.

"இடது கைமா. இதுல போட்டா ரெண்டு நாளைக்கு சோறு பிசைய முடியாது."

"பரவால்லீங்க. இதுலயே போடுங்க."

பின்னால் நின்ற கிழவி சத்தம் போட்டாள். "இன்னாமா நீ, ஊசிக்கு நாள் நட்சத்திரம் பாத்துக்கினு நிக்கிற? வெயில் மண்டைய பொளக்குது!"

வரிசை சிரித்தது. நான் ஓடிப்போய், "அந்தக் கையில ஏற்கெனவே போட்டாச்சு சார்" என்றேன்.

"அப்ப சீட்டு எங்க?"

என்னிடம் சீட்டு இல்லை.

"ஊசிக்குப் பயந்துக்கினு அக்காளும் தம்பியும் கதை உடுறீங்களா?" என்றபடி அக்காவின் இடது கையைப் பிடித்து, நீளமான ரவிக்கைக் கையை மேலே தள்ளினார். ஸ்பிரிட் பஞ்சு தோலில் பட்டது.

"உடுங்க சார்!" அக்கா கையை உருவிக்கொண்டாள். "இந்தப் பக்கம் மாரையே எடுத்துட்டாங்க. இதுல ஒரு பொத்தல் போட்டாலும் யானைக்கால் மாதிரி வீங்கிடும். வலதுல போடுங்க."

சிரிப்பு நின்றது. அவர் வலது கையில் போட்டார். தெருப் பெண் அக்காவின் மார்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கிழவி மட்டும் இரண்டு கைகளையும் அகல விரித்து, "எட்ட நில்லுங்கடி, அது மேல இடிக்காதீங்க" என்று வழிவிட வைத்தாள்.

அன்று இரவே வலது கை வீங்கிச் சூடேறியது. மாமா சோறு ஊட்டினார். அக்கா எரிச்சலில் பாதியில் எழுந்துவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் தெருப் பெண்கள் வந்து, ஆபரேஷனைப் பற்றி நேராகக் கேட்காமல் பேச்சைச் சுற்றி வளைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் நான் அக்காவின் இடது கையைப் பார்ப்பேன். சிவந்திருக்கிறதா, தோல் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

"அதையே எத்தினி வாட்டிடா பாப்ப? இதப் பாரு" என்று வலது கையைக் காட்டினாள். ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வடிந்திருந்தது. "தானா வத்திப்போச்சு பாத்தியா."

வேறு யாருடைய கையையோ பார்ப்பவள்போல, இடது கை விரலால் அந்த இடத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.