வெள்ளைப் பூ வரும்வரை

வேயி நகரத்தைப் பல ஆண்டுகள் முற்றுகையிட்டும் ரோமானியர்களால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் அவர்களுடைய தளபதி அந்நகரத்து ஜூனோ தேவியிடமே, எங்களோடு ரோமுக்கு வந்துவிடு, பெரிய கோயில் கட்டித் தருகிறோம் என்று வேண்டிக்கொண்டான். நகரம் விழுந்ததும் வீரர்கள் குளித்துச் சுத்தமாகிச் சிலையின் முன் நின்று, வர விருப்பமா என்று கேட்டார்களாம். சிலை தலையசைத்ததாம். ரோம் பெரிதாகத் தொடங்கியது அந்த வெற்றிக்குப் பிறகுதான். நான் குடியிருக்கும் ரவாங் ஊரில் என் டியூஷன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். இந்த ஆண்டு சொல்ல வாய் வரவில்லை.

அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே நான் பிறந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அங்கே வீடு கட்டப்போகிறார்கள். அம்மன் கோயிலைத் திங்கட்கிழமை இடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மாற்று இடமாகச் சாக்கடை ஓரம் ஒரு துண்டு நிலம். கோயில் தலைவர் என் அண்ணன். அவர் ஏறாத அலுவலகம் இல்லை, பிடிக்காத கால் இல்லை. ரோமானியனாவது எதிரியின் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்டான். தோட்டத்தை வாங்கிய இவர்கள் ஒரு முழம் பூகூட வாங்கி வரவில்லை.

ஆனால் நாங்கள் கேட்காமல் எடுக்க முடியாது. அம்மனின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கித்தான் புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அவள் சம்மதிக்க வேண்டும். சனிக்கிழமை காலை அண்ணன் வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு வெற்றிலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் வருகிறாள், சிவப்பு வந்தால் வரமாட்டாள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு.

ஒருமுறை கேட்டால் கேட்டதுதான், மறுபடி கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணன் மறுபடி கேட்டார். மறுபடியும் சிவப்பு. தோட்டத்து லயத்து வீடுகளின் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அண்ணன் அம்மனை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ வரலன்னா திங்கக்கெழம மெஷின் வந்து ஒன் மேல ஏறும் தாயி. நாங்க பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

மூன்றாம் முறை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மடித்தார். வெள்ளை வந்தது. எல்லாரும் குலவையிட்டார்கள். மிச்சமிருக்கும் வெற்றிலையையும் பிரித்துக் காட்டுவதுதான் முறை. அண்ணன் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். காட்டச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான்.

அம்மனை நீரில் இறக்கும் பூஜை முடிந்து, அண்ணன் கும்பத்தை மடியில் வைத்துக்கொண்டு லோரியின் முன் இருக்கையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பின்னால் நின்றிருந்தவர்கள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். புது இடம் தெரிந்ததும் அண்ணன் என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கச்சி, தண்ணி கனம் மட்டுந்தான் இருக்கு."