பிரசவ அறையில் மொழிபெயர்த்த நாள்

எண்பதுகளின் நடுவில் ஆயர் என்னைப் பாரிசுக்கு அனுப்பியது இறையியலில் முனைவர் பட்டம் எடுப்பதற்காக. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருவாகி அப்போது ஆறு வருடங்கள். கடவுள் துன்பப்படுவாரா என்பதுதான் என் ஆய்வுப் பொருள். துன்பப்பட மாட்டார் என்று நிறுவுவது என் நோக்கம். அவர் மாறாதவர், நம்முடைய நோவு எதுவும் அவரைத் தொடாது என்று முதல் இரண்டு அத்தியாயங்களை எழுதி முடித்திருந்தேன். பேராசிரியருக்கு அவை மிகவும் பிடித்திருந்தன. எனக்கு அதைவிடப் பிடித்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தமிழ்ச் சனம் கூடும் லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் தமிழில் பூசை வைப்பேன். பூசை முடிந்ததும் யாழ்ப்பாணத்துச் சனமும் மன்னார்ச் சனமும் ஆளுக்கொரு கடிதத்தோடு என்னைச் சுற்றிக்கொள்ளும். “சுவாமி, இதில என்ன எழுதிக் கிடக்கு?” வதிவிட அட்டை, பள்ளிக்கூட அறிவித்தல், வீட்டுக்காரனின் எச்சரிக்கை. வாசித்துச் சொல்வேன். ஆனால் மனம் என் மேசையில் இருக்கும். கடவுளைப் பற்றி எழுத வந்தவனை இவர்கள் கடிதம் வாசிக்க வைக்கிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு சலிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். விடுதிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சைவம், நான் அவரிடம் மிளகாய்த்தூள் வாங்குகிறவன். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

“ஃபாதர், கெதியா வாங்கோ. மேல்மாடியில இருக்கிற மன்னார்ப் பிள்ளைக்கு நோ கண்டிட்டுது. புருசன் வேலைக்குப் போட்டான். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு சாமான் விக்கத்தான் காணும்.”

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். நிறைமாத வயிற்றோடு பூசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாள். பாரிசுக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. கணவன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நின்றார். “நான் அவனைக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் இவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று டாக்சியில் எங்களை ஏற்றிவிட்டு மெத்ரோவுக்கு ஓடினார்.

மருத்துவமனையில் ஒரு மருத்துவிச்சி எதிரே வந்தார். தடித்த பெண்மணி, மூக்குக்கண்ணாடி தலையில் ஏறியிருந்தது. பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேர் நீங்கள்தானே?” என்று கேட்டார். பிரெஞ்சில் அப்பாவும் பேர்தான், கத்தோலிக்கக் குருவும் பேர்தான். நான் அங்கியில்லாமல் கம்பளிக் கோட்டோடு வந்திருந்தேன் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. “ஆமாம், நான்தான்” என்றேன்.

அவர் ஒரு பச்சை அங்கியை என் தலைக்கு மேலால் மாட்டிவிட்டார். குருவுக்கும் இங்கே தனி உடுப்பு வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். பிரசவ அறைக் கதவு எனக்குப் பின்னால் மூடியபோதுதான், அவர் கேட்டது குழந்தையின் அப்பாவை என்பது விளங்கியது. வெளியே போகத் திரும்பினேன். அந்தப் பெண் என் கையை எட்டிப் பிடித்தாள்.

“போகாதேங்கோ சுவாமி. அவ சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

கட்டிலின் தலைமாட்டில் நின்று, கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மருத்துவிச்சி சொன்ன முதல் கட்டளைக்கு நேரான தமிழ் “தள்ளுங்கோ” என்பதுதான். சொன்னேன். அவள் இரண்டு கையாலும் என் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினாள். பின்னால் இருந்த தள்ளுவண்டியில் போய் மோதினேன். மருத்துவிச்சி என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. அப்போதுதான் சரியான சொல் வந்தது. “முக்குங்கோ தங்கச்சி, முக்குங்கோ!” எந்தப் பிரசங்கத்திலும் நான் சொல்லியிராத சொல் அது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. மூச்சு எடுங்கோ, விடுங்கோ, இப்ப வேண்டாம், இப்ப முக்குங்கோ. என் விரல்களை அவள் நெரித்த நெரிப்பில் முறிந்தே விடும் போலிருந்தது. ஒரு நோவின் உச்சியில் அவள் கத்தினாள்:

“அந்தக் கடவுளை ஒருக்காப் பிள்ளை பெத்துப் பாக்கச் சொல்லுங்கோ!”

“என்ன சொல்கிறாள்?” என்றார் மருத்துவிச்சி. மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த அறையில் நான் மொழிபெயர்ப்பாளன். அப்படியே சொன்னேன்.

அவர் தலை நிமிராமலே, “வரச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது” என்றார்.

அதையும் தமிழில் சொன்னேன். அந்த நோவுக்குள்ளும் அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. தொழுவத்தில் பிறந்தவர், சிலுவையில் கத்தியவர் என்று வருடா வருடம் பிரசங்கம் வைக்கிறவன் நான். அவருக்கு அந்தக் கட்டிலில் இடமில்லை என்று இரண்டு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறேன்! அவள் எனக்கு உறவுமில்லை, ஊருமில்லை. அவளுடைய நோவில் ஒரு துளியைக்கூட என்னால் குறைக்க முடியவில்லை. இருந்தும் அவள் முக்கும்போதெல்லாம் நானும் சேர்ந்து முக்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையை விட்டுப் போக மனமில்லை. எனக்கே இப்படியென்றால், அவளைப் படைத்தவரை எதுவும் தொடாது என்று எந்த வாயால் சொல்வது?

பெண் குழந்தை. என்னைவிடப் பலத்த குரல்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோப்பை கழுவிய அவனுடைய சட்டைக் கை இன்னும் ஈரமாயிருந்தது. “இவர் யார்?” என்று கேட்டார் மருத்துவிச்சி. “பேர்” என்றேன். “அப்போ நீங்கள்?” “நானும் பேர்தான்.” கோட்டை விலக்கிக் கழுத்துச் சிலுவையைக் காட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்து நிமிடத்தில் அந்த நடைக்கூடம் முழுவதும் கதை பரவிவிட்டது.

இரண்டு அத்தியாயங்களையும் திரும்ப எழுதினேன். பேராசிரியர் வாசித்துவிட்டு, “இந்தத் திருப்பத்துக்கு ஆதாரம் யார்?” என்று கேட்டார். “ஒரு மன்னார்ப் பெண்” என்றேன். “பக்க எண்?” என்றார். பட்டம் இரண்டு வருடம் பிந்தித்தான் கிடைத்தது, பெரிய பாராட்டு ஒன்றும் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களை அதன்பிறகு அவசரமில்லாமல் வாசித்தேன். சிலர் கடிதத்தை நீட்டிவிட்டு வேறு எதையோ சொல்லத்தான் நிற்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நான்தான் பிரசங்கம் வைத்தேன். ஒரு தாயின் கத்தலைப் பற்றியும் காலியாயிருந்த கட்டிலைப் பற்றியும் சொன்னேன். பின்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பூசை முடிந்து தாய் குழந்தையோடு என்னிடம் வந்தாள்.

“பிரசங்கம் நல்லாத்தான் இருந்துது சுவாமி. ஆனா நான் கத்தினதைக் கோயில் முழுக்கச் சொல்ல வேணுமோ?”

“ஆரெண்டு நான் சொல்லேல்லையே.”

“பிள்ளையோட முன்னுக்கு நிண்டது நான் ஒராள்தானே!” என்றாள்.